பாட்டுக்கும் உண்டு பாடபேதம்

நுழையும்முன்

ஏட்டுச்சுவடிகளில் பாடபேதம் உண்டு என்பதை நாம் அறிவோம். பாட்டுக்கும் அத்தகைய பேதங்கள் உண்டு. ஒரே பாடல் ஊருக்கு ஊர், மொழிக்கு மொழி, மேடைக்கு மேடை மாறி ஒலிக்கிறது. அம்மாற்றங்களை ஒரு காலத்தில் தாங்கி நின்றது ஒலிநாடா. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை முன்வைத்து, ஒலிநாடாக்களில் பதிந்துள்ள வேறுபாடுகளைச் சேகரிப்பதன் தேவையையும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஏடும் நாடாவும்

உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கிடைத்த ஏடு ஒன்றை அப்படியே அச்சிட்டுவிடவில்லை. பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களைக் குறித்துக்கொண்டார். ஓர் ஏட்டில் சிதைந்த சொல் மற்றோர் ஏட்டில் முழுமையாக இருந்தது. ஓர் எழுத்தின் மாற்றம் பொருளையே மாற்றியது. எனவே, ஒரே நூலுக்குப் பல ஏடுகள் எதற்கு என்று அவர் எண்ணவில்லை. பல ஏடுகள் இருந்தமையால்தான் நூலின் வரலாற்றை அறிய முடிந்தது.

இசைக்கும் இது பொருந்தும். ஒரு கதைப்பாடலை மலையடிவாரத்து ஊரில் ஒருவகையாகவும், ஆற்றங்கரை ஊரில் வேறுவகையாகவும் பாடுவர். ஒரு திரைப்பாடலைத் தமிழில் ஒருவரும் இந்தியில் வேறொருவரும் பாடுவர். இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டால், பாட்டு பயணம் செய்த வழி நமக்குத் தெரியாமற் போகும்.

அங்கேரி நாட்டு இசையறிஞர் பேலா பார்டோக், தம் நண்பர் சோல்தான் கோடாயுடன் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிற்றூர்கள்தோறும் சென்று, மெழுகு உருளையில் நாட்டுப்புறப் பாடல்களைப் பதிவு செய்தார். ஒரே மெட்டு வெவ்வேறு ஊர்களில் அடைந்த வடிவங்களை வரிசைப்படுத்தி ஒப்பிட்டார். வேறுபாடுகளைப் பிழையென ஒதுக்காமல் சான்றெனக் கொண்டமையே அவர் பணியின் சிறப்பு.

இசைத்தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கு

தென்காசி வட்டாரம் ஒலிப்பதிவு வரலாற்றில் தொடக்கத்திலேயே இடம்பெற்ற பகுதியாகும். செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டு பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா, நாடக மேடையில் தம் குரலால் தமிழகத்தையும் இலங்கையையும் கவர்ந்தவர். 1933இல் இளம் வயதிலேயே அவர் மறைந்தார். இன்றும் நாம் அவர் குரலைக் கேட்க முடிகிறதென்றால், அதற்கு இசைத்தட்டுகளே காரணம். ஆனால், அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பதிவு செய்ய முடியும். மேடையில் விரிந்து பாடப்பெற்ற பாடல் தட்டுக்காகச் சுருங்கியது. எந்தக் கருவியில் பதிகிறோமோ அக்கருவி பாட்டின் வடிவத்தையும் மாற்றுகிறது என்னும் உண்மையை இதனால் உணரலாம்.

இசைத்தட்டை உருவாக்கப் பெருநிறுவனமும் பெருமுதலும் தேவைப்பட்டன. 1963ஆம் ஆண்டு பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய சிறிய ஒலிநாடாப் பேழை இந்நிலையை மாற்றியது. டச்சுப் பொறியாளர் லூ ஓட்டன்சு தலைமையில் உருவான அப்பேழை சட்டைப்பையில் அடங்கக்கூடியது. மக்கள் அதனைக் 'கேசட்' என்றே வழங்கினர்.

அதன் இயக்கம் எளியது. மெல்லிய பாலியெஸ்டர் நாடாவின்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் பூசப்பட்டிருக்கும். பதிவு செய்யும்போது, ஒலிக்கேற்ப மாறும் காந்தப்புலம் அத்துகள்களை ஒழுங்குபடுத்துகிறது. மீண்டும் இயக்கும்போது அவ்வொழுங்கு மின்குறியாகி ஒலியாகிறது. நாடாவின் அகலம் ஏறத்தாழ 3.8 மில்லிமீட்டர்; அது ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். 60 நிமிடப் பேழையில் பக்கத்துக்கு 30 நிமிடம் வீதம் பதியலாம். 30 நிமிடம் என்பது 1,800 நொடி. ஆகவே அப்பேழைக்குள் ஏறத்தாழ 86 மீட்டர் நாடா சுற்றப்பட்டுள்ளது எனக் கணக்கிடலாம்.

கேட்கும் கருவியே பதிவு செய்யும் கருவியாகவும் அமைந்ததுதான் பெரிய மாற்றம். கோயில் கொடையில் வில்லுப்பாட்டைக் கேட்டவர், விரும்பினால் அதனைப் பதிந்து வீட்டுக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. நகரத்துப் பதிவுக் கடைகளில், விருப்பப் பாடல்களின் பட்டியலைக் கொடுத்துக் காலி நாடாவில் பதிந்து வாங்கினர். 1980களில் சிறுநிறுவனங்கள் பலவும் ஒலிநாடா வெளியீட்டில் இறங்கின. பெருநிறுவனங்கள் பொருட்படுத்தாத வட்டாரக் கலைஞர்களின் குரல்கள் கடைக்கு வந்தன.

ஒரு படம், பல மொழி

வட்டார வேறுபாட்டுக்குத் திரையிசை தரும் தெளிவான சான்று, 1992ஆம் ஆண்டு வெளிவந்த 'ரோஜா' திரைப்படத்தின் பாடல்களாகும். மணிரத்னம் இயக்கிய இப்படமே ஏ.ஆர். ரகுமான் இசையமைத்து வெளிவந்த முதல் திரைப்படம். கதைத்தலைவியின் ஊராக இப்படம் காட்டுவது தென்காசிக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரம். வயலும் மலையும் சூழ்ந்த அவ்வூரில் தொடங்கும் கதை, பின்னர் இந்தி, தெலுங்கு, மலையாளம் முதலிய மொழிகளிலும் பேசியது. பாடல்களும் அந்தந்த மொழிகளில் பதிவாகித் தனித்தனி ஒலிநாடாக்களாக வந்தன.

தமிழ்ப் பாடல்களை வைரமுத்து எழுதினார். இந்திக்குப் பி.கே. மிஸ்ராவும், தெலுங்குக்கு ராஜஸ்ரீயும், மலையாளத்துக்கு மங்கொம்பு கோபாலகிருஷ்ணனும் எழுதினர். பனிமலைக் காட்சியில் இடம்பெறும் இருகுரல் பாடலைத் தமிழில் உன்னி மேனனும் சுஜாதாவும் பாடினர். அதே மெட்டை இந்தியில் பாடியவர்கள் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் சித்ராவும். மணவிழாவையொட்டி ஊர்ப்பெண்கள் ஆடிப்பாடும் பாடலைத் தமிழில் பாலசுப்பிரமணியமும் சித்ராவும் பாட, இந்தியில் பாபா சேகலும் சுவேதா செட்டியும் பாடினர். நாட்டுப்பற்றைச் சொல்லும் பாடலுக்கோ இரு மொழிகளிலும் ஹரிஹரன் குரலே அமைந்தது.

இந்நாடாக்களை அருகருகே வைத்துக் கேட்பவர் பலவற்றை உணர்வர். ஒரே மெட்டில் தமிழின் குறில் நெடில்களும் இந்தியின் அசைகளும் வெவ்வேறு இடங்களில் அழுத்தம் பெறுகின்றன. மெட்டு ஒன்றாயினும், குரல் மாறும்போது பாட்டின் உணர்ச்சி சற்றே இடம்பெயர்கிறது. யாரைப் பாடச் செய்தால் அவ்வட்டாரத்து மக்கள் விரும்புவர் என்ற வணிகக் கணக்கும் அங்கே தெரிகிறது. மூல நாடாவை மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பீடு வாய்க்காது.

எல்லைப்புறமான தென்காசி வட்டாரத்தில் இத்தகைய ஒப்பீடு இயல்பானது. செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர்ப் பகுதியுடன் இணைந்திருந்தது. ஆரியங்காவுக் கணவாய் வழியே கொல்லத்துக்குச் செல்லும் இருப்புப்பாதை, நெல்லையும் மிளகும் மட்டுமன்றிப் பாட்டையும் சுமந்தது. சாரல் காலத்தில் குற்றால அருவிகளுக்குக் கேரளத்திலிருந்து மக்கள் திரளாக வருவர். ஒரே வீட்டில் தமிழ் நாடாவும் மலையாள நாடாவும் இருப்பது இங்கு வியப்பன்று.

வில்லின் ஓசையும் நாடாவின் அளவும்

திரைப்பாடலின் வேறுபாடுகளைப் பதிவுக்கூடங்கள் உருவாக்கின. வில்லுப்பாட்டின் வேறுபாடுகளை ஊர்களே உருவாக்கின. வில்லைக் குடத்தின்மேல் பொருத்தி, வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை சொல்வார் புலவர். உடுக்கை, குடம், தாளம், கட்டை ஆகியன உடன் ஒலிக்கும். பக்கப்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவர். நாட்டார் தெய்வக் கோயில்களின் கொடைவிழாவில் இக்கலை இரவு முழுவதும் நிகழும். சாமியாடுவோருக்கு அருள் வரும் இடத்தில் கதை வேகம் கொள்ளும். கூட்டத்தின் நிலைக்கேற்ப விரியவும் சுருங்கவும் செய்யும்.

இத்தகைய கதையை 60 அல்லது 90 நிமிட நாடாவுக்குள் அடக்கும்போது, பாடுவோர் எதை விடுகிறார், எதை வைக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. கடையில் விற்கும் நாடாவில் கதைப்பகுதி சுருங்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரு நிறைவான இடத்தில் முடியுமாறு அமையும். கொடையில் நேரடியாகப் பதிந்த நாடாவிலோ குழந்தையின் அழுகை, கூட்டத்தின் குலவை, ஒலிபெருக்கியின் இரைச்சல் ஆகிய யாவும் இருக்கும். கேட்பதற்கு முன்னது இனிமை. ஆய்வதற்குப் பின்னது வளமானது. சேகரிப்பவர் இரண்டையும் பேண வேண்டும்.

கதை வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதற்கு முத்துப்பட்டன் கதை சான்று. பொதிகை மலைச்சாரலில் வழங்கும் இக்கதையின் தலைவன் அந்தணர் குலத்தில் பிறந்தவன். செருப்புத் தைக்கும் தொழில் செய்த வாலப்பகடையின் மகளிரான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, தானும் அத்தொழிலை ஏற்றான். மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு உயிர்நீத்தான். காரையாற்றுச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயன் என்னும் பெயரில் அவன் வழிபடப்படுகிறான். அங்கு மக்கள் தோற்செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துவது இன்றும் உண்டு.

பேராசிரியர் நா. வானமாமலை இக்கதையின் வடிவங்களை ஆராய்ந்து பதிப்பித்தார். 1971ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழகம் அதனை வெளியிட்டது. அம்மகளிர் இருவரும் பிறப்பால் அந்தணர் என்றும், காட்டில் கண்டெடுத்து வாலப்பகடை வளர்த்தார் என்றும் சில வடிவங்கள் கூறுகின்றன. இது பிற்காலத்தில் நுழைக்கப்பட்டது என்பது அவர் கருத்து. சாதி கடந்த மணத்தை ஏற்கத் தயங்கியவர்கள், கதையின் முடிவை மாற்ற இயலாமல் பிறப்பை மாற்றினர். ஒரே ஒரு வடிவம் மட்டும் கிடைத்திருந்தால் இந்த மாற்றம் நம் கண்ணுக்குப் புலப்பட்டிராது. ஒரு சமூகத்தின் தயக்கமும் மற்றொரு சமூகத்தின் துணிவும் வேறுபாடுகளின் இடையில்தான் பதிந்துள்ளன. பாடபேதத்தைத் தொலைப்பது அந்த வரலாற்றைத் தொலைப்பதாகும்.

நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' போன்ற அச்சுத்தொகுப்புகள் சொற்களைக் காத்தன. மெட்டு, தாளம், மூச்சு, இழுப்பு ஆகியவற்றைக் காட்ட அச்சால் இயலவில்லை. அக்குறையை நிறைத்தது ஒலிநாடா. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கெனத் தனித்துறை உருவானபோது, களப்பணியாளர்களின் கைக்கருவியாக ஒலிப்பதிவுக் கருவியும் விளங்கியது.

சிந்தின் இரு வடிவம்

சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் (1865-1891) ஊற்றுமலைக் குறுநில மன்னர் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவைப் பெற்றவர். கழுகுமலை முருகனைப் போற்றி அவர் இயற்றிய காவடிச்சிந்து இரு வழிகளில் வாழ்கிறது. காவடி எடுத்து நடப்பவர்களிடையே நடைக்கேற்ற தாளத்துடன் அது ஒலிக்கிறது. கச்சேரி மேடையில் வரையறுத்த இராகத்தில், பக்கவாத்தியங்களுடன் ஒலிக்கிறது. கடையில் கிடைக்கும் நாடா பெரும்பாலும் கச்சேரி வடிவத்தையே தரும். பாதயாத்திரைக் கூட்டத்தின் வடிவம் யாரேனும் ஒருவர் கையில் கருவியுடன் நடந்திருந்தால் மட்டுமே கிடைக்கும். இவ்விரண்டனுள் எது சரி என்று வினவுவது பொருந்தாது; பாட்டு எங்கே, யாருக்காகப் பாடப்படுகிறது என்று வினவுவதே பொருந்தும்.

சாரலும் பூஞ்சையும்

ஏட்டுக்குச் செல் பகை. நாடாவுக்கு ஈரம் பகை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் ஆகசுட்டு வரை குற்றாலத்தில் சாரல் பொழியும். உடலுக்கு இதமான அந்த ஈரக்காற்று, பெட்டிக்குள் உறங்கும் நாடாவின் விளிம்புகளில் வெண்பூஞ்சையை வளர்க்கும். காந்தத் துகள்களை நாடாவோடு பிணைக்கும் பசையும் ஈரத்தால் இளகும். அவ்வாறு இளகிய நாடாவை இயக்கினால், துகள்கள் உதிர்ந்து ஒலிமுனையில் ஒட்டும். ஒரு முறை உதிர்ந்த துகளோடு அவ்விடத்து ஒலியும் மீளாது போய்விடும்.

பூஞ்சை படிந்த நாடாவை உடனே கருவியில் இடுதல் கூடாது. பூஞ்சை பிற நாடாக்களுக்கும் பரவும். அதனைத் தனியே பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்து, தூய்மை செய்த பின்னரே இயக்க வேண்டும். நாடாக்களை நிற்கும் நிலையில் அடுக்க வேண்டும். ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகில் வைத்தல் கூடாது. பேழையின் பின்விளிம்பில், பக்கத்துக்கு ஒன்றாக இரு சிறு தகடுகள் இருக்கும். அவற்றை ஒடித்துவிட்டால், தவறுதலாக மேற்பதிவு நிகழாது. காத்திருந்த பாட்டின்மேல் வேறொன்று பதிந்து அழிந்துபோகாமல் தடுக்கும் எளிய வழி இது.

மற்றொன்றும் அறிய வேண்டும். கருவியின் வார்ப்பட்டை தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும். வேகம் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தால், பாட்டின் சுருதி ஒரு சுரத்தானம் இறங்கிவிடும். ஆகவே, இரு நாடாக்களில் ஒரே பாடல் வெவ்வேறு சுருதியில் கேட்டால், பாடகர் மாற்றிப் பாடினாரா, பொறி மாற்றியதா என்று முதலில் ஆராய்தல் வேண்டும். நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுக்கும்போதெல்லாம் இரைச்சல் கூடும், கூர்மை குறையும். படியெடுத்தவர் பிழையால் ஏட்டில் சொல் திரிந்ததைப் போன்றது இது. உண்மையான பாடபேதத்தையும் பொறியின் பிழையையும் பிரித்தறிவதே சேகரிப்பாளரின் முதற்பயிற்சி.

சேகரிக்கும் முறை

முதலாவதாக, நாடாவின் உறைத்தாளைப் பாதுகாக்க வேண்டும். வெளியிட்டவர், பாடியவர், எழுதியவர், ஆண்டு, பக்க வரிசை ஆகியவை அதில் உள்ளன. பேழைமேல் பேனாவால் எழுதியுள்ள குறிப்புகளையும் படம் எடுத்து வைக்க வேண்டும். வீட்டில் பதிந்த நாடாவாயின், ஊர், விழா, பாடிய குழு, பதிந்த ஆண்டு ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். அவர்கள் நினைவே அதற்கு உறைத்தாள்.

இரண்டாவதாக, நாடாவை எண்ணிம வடிவுக்கு மாற்ற வேண்டும். ஆவணக் காப்பகங்கள் 96 கிலோஹெர்ட்சு, 24 பிட் தரத்தில், சுருக்கப்படாத கோப்பாக மாற்றுகின்றன. அத்தரத்தில் 60 நிமிடப் பதிவுக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட் இடம் தேவைப்படும். இரைச்சலை நீக்கிய படியை மட்டும் வைத்துக்கொண்டு மூலப்படியை அழித்துவிடுதல் தவறு. இன்று இரைச்சல் என எண்ணுவது, நாளை ஆய்வாளருக்குச் செய்தியாகலாம்.

மூன்றாவதாக, ஒரே பாடலின் வடிவங்களை அட்டவணைப்படுத்த வேண்டும். எவ்வடிவில் எந்த அடி கூடியுள்ளது, எது குறைந்துள்ளது, எந்த ஊர்ப்பெயர் மாறியுள்ளது எனக் குறித்தால், வேறுபாடுகள் தாமே பேசத் தொடங்கும்.

நான்காவதாக, உரிமையை மதிக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. கொடையில் பாடிய புலவரின் பதிவைப் பொதுவில் வெளியிடுமுன் அவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ இசைவு பெறுதல் கடமை. சில பாடல்கள் தெய்வத்தின் முன்னிலையில் மட்டுமே பாடத்தக்கவை என ஊர் கருதலாம்; அக்கருத்தையும் போற்ற வேண்டும்.

தேசிய அளவில் இப்பணி நடைபெறுகிறது. 1982ஆம் ஆண்டு தொடங்கிய இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனத்தின் இனஇசையியல் காப்பகம், களப்பதிவுகளைப் பேணிவருகிறது. சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அச்சு நூல்களோடு இசைத்தட்டுகளையும் காக்கிறது. தனியொருவரின் சேகரிப்பே அந்நூலகத்துக்கு அடித்தளமாயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

யாருடைய பணி?

பெருநிறுவனங்கள் வெளியிட்ட பாடல்கள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆயினும், அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒரே வடிவம். ஓர் ஊர்க்கொடையில் ஒரே ஒரு நாடாவில் பதிந்த பாட்டு எங்கும் கிடைக்காது. அந்நாடா தென்காசியிலோ கடையநல்லூரிலோ ஆலங்குளத்திலோ ஏதேனும் ஒரு வீட்டுப் பரணில் இருக்கலாம். அதை இயக்கும் கருவிகள் அருகிவருகின்றன. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகின்றனர். பாடியவர் பெயரைச் சொல்லக்கூடிய பெரியவர்களும் முதுமை எய்துகின்றனர். நாடா, கருவி, நினைவு ஆகிய மூன்றும் ஒருசேர இருக்கும் காலம் இதுவே.

ஏடுகள் அழியும் தறுவாயில் இருந்தபோது, வண்டியிலும் நடந்தும் சென்று அவற்றைத் தேடியவர்கள் இருந்தமையால் நமக்குச் சங்க இலக்கியம் கிடைத்தது. ஒலிநாடாவைத் தேட அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து, மூத்தோரிடம் கேட்டு, பாடியவர் பெயரை ஒரு தாளில் எழுதிவைப்பதிலிருந்தே அப்பணியைத் தொடங்கலாம்.